அப்பா அம்மாவுக்கு ஒரு சின்ன லாப்டாப்

ஒரு மிக்ஸி வாங்கப் போனால் நாம் எத்தனை கேள்வி கேட்கிறோம்! ஜார் எத்தனை, தேங்காய்ச் சட்னி நைசாக அரையுமா, மோட்டார் சூடானால் என்ன ஆகும், ரிப்பேருக்கு எங்கே போவது என்று கடைக்காரரை ஒரு வழி பண்ணிவிடுவோம். கிரைண்டர் என்றால் கல்லைக் கையால் தூக்கியே பார்த்துவிடுவோம். அதே நாம், வயதான அப்பா அம்மாவுக்கு லாப்டாப் வாங்கும்போது மட்டும், "அதெல்லாம் பையன் பார்த்துப்பான்" என்று ஒதுங்கிக்கொள்கிறோம். பையனோ தன் கண்ணுக்கும் தன் அவசரத்துக்கும் பிடித்ததை வாங்கிவிடுகிறான். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் அது டவல் போர்த்திக்கொண்டு பீரோ மேலே உட்கார்ந்திருக்கும்!

சகோதரிகளே, இந்தச் சாமானையும் நாமே பார்த்து வாங்கலாம். பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். இதை இயக்கப் போவது யாருடைய கை, யாருடைய கண்? அந்தக் கைக்கும் கண்ணுக்கும் இது சரிப்படுமா? இதை முதலில் கேட்டுக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

என் பிறந்த வீடு மயிலாடுதுறையில். அப்பா தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது 76. அம்மாவுக்கு 70. இரண்டு பேரிடமும் செல்போன் இருக்கிறது. "அப்புறம் எதுக்கும்மா லாப்டாப்? தண்டச் செலவு" என்றார் அப்பா. நியாயமான கேள்விதான். இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் யாரும் கடைக்குப் போகக் கூடாது.

ஒரு வாரக் கணக்கு

போன லீவில் ஊருக்குப் போயிருந்தபோது, பால் கணக்கு எழுதும் நோட்டின் பின் பக்கத்தில் ஒரு வாரம் கணக்கு எழுதினேன். அப்பா அம்மா எந்தெந்தக் காரியத்துக்கு இன்னொருவர் கையை எதிர்பார்க்கிறார்கள் என்ற கணக்கு.

அம்மாவின் ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டை லேபில் இருந்து செல்போனுக்கு அனுப்பிவிட்டார்கள். "எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்குடி" என்று அதை எதிர் வீட்டுப் பெண்ணிடம் காட்டி, சர்க்கரை எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். சிங்கப்பூரில் இருக்கும் பேரனோடு பேசும்போது போனைத் தூக்கிப் பிடித்துப் பிடித்து அவளுக்குத் தோள்பட்டை வலி. அப்பாவுக்கோ தன் சர்வீஸ் அனுபவங்களை எழுதி வைக்க ஆசை. அந்தக் காலத்தில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிய விரல்கள், போனில் ஒற்றை விரலால் தட்ட மறுக்கின்றன.

கடைசியாக எழுதியதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. பென்ஷன் விவரம், வருமான வரி, பாங்க் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றுக்கும் அப்பா பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போகிறார். ஆதார், பான் கார்டு நகல்கள் அங்கே இருக்கும் கம்ப்யூட்டரிலேயே கிடக்கின்றன. "அந்தப் பையன் தங்கமானவன்மா. என் பாஸ்வேர்டுகூட அவனுக்கு மனப்பாடம்!" என்று பெருமையாக வேறு சொன்னார். பையன் தங்கமாகவே இருக்கட்டும். அவனுக்கு அடுத்து அந்த நாற்காலியில் உட்காருபவன்? ஆயுள் முழுக்கச் சேர்த்த பணத்தின் சாவி தெருவில் தொங்குகிறதே!

அன்றைக்கே முடிவு செய்தோம். லாப்டாப் என்பது ஆடம்பரம் இல்லை. அவர்கள் காரியத்தை அவர்களே கதவைச் சாத்திக்கொண்டு செய்துகொள்ள ஒரு மேஜை. நீங்களும் உங்கள் வீட்டில் இந்த ஒரு வாரக் கணக்கை எழுதிப் பாருங்கள். நோட்டில் ஒன்றுமே சேரவில்லை என்றால் வாங்க வேண்டாம், போனே போதும். ஒன்று மட்டும்: பென்ஷன்காரர்கள் வருஷா வருஷம் கொடுக்கும் உயிர்ச் சான்றிதழுக்காக மட்டும் லாப்டாப் வாங்காதீர்கள். 2014 நவம்பரில் வந்த 'ஜீவன் பிரமாண்' திட்டத்தில், முகத்தைக் காட்டிச் சான்றிதழ் எடுப்பது ஆண்ட்ராய்டு போனிலேயே முடிகிறது. கம்ப்யூட்டரில் செய்ய வேண்டுமானால் கைரேகைக் கருவி தனியாக வேண்டும். போஸ்ட்மேன் வீட்டுக்கே வந்து எடுத்துக் கொடுக்கும் வசதியும் உண்டு.

சின்னது என்றால் எவ்வளவு சின்னது?

2007-ல் தைவான் நாட்டு ஆசுஸ் கம்பெனி 'ஈ பிசி' என்று ஒரு குட்டி லாப்டாப் கொண்டுவந்தது. திரை 7 அங்குலம்தான். விலை மலிவு, கைப்பையில் போட்டுக்கொள்ளலாம் என்று உலகமெல்லாம் வாங்கினார்கள். மற்றக் கம்பெனிகளும் போட்டி போட்டுக்கொண்டு செய்தன. சில வருஷங்களில் அந்த மோகம் அடங்கிவிட்டது. அதற்கு ஒரு காரணம், அதில் எழுத்தும் குட்டி, கீபோர்டும் குட்டி. கொழுகொழு விரல் ஒன்றை அழுத்தினால் பக்கத்துக் கட்டையும் சேர்ந்து இறங்கும்.

இன்றைக்கும் 11 அங்குலத்தில் மலிவாக வருகிறது. வயதானவர்களுக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். 15.6 அங்குலம் கண்ணுக்கு நல்லதுதான். ஆனால் கனம், இடமும் அடைக்கும். நடுவில் இருக்கும் 14 அங்குலம்தான் சௌகரியம். எடை சுமார் ஒன்றரைக் கிலோ. அம்மா ஒரு கையால் தூக்கி அலமாரியில் வைத்துவிடலாம். கீபோர்டும் முழு அளவில் இருக்கும்.

கடையில் திரையைப் பார்க்கும்போது பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். உங்கள் முகமும் பின்னால் எரியும் டியூப்லைட்டும் அதில் தெரிந்தால் அது வேண்டாம். மங்கலான மேல்பரப்பு உள்ள திரையே கண்ணைக் கூசாது. பக்கவாட்டில் நகர்ந்து நின்றும் பாருங்கள். நிறம் வெளுத்துப் போனால், அப்பாவும் அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்து பேரனைப் பார்க்க முடியாது. 'ஐபிஎஸ்' திரை வேண்டும் என்று கேளுங்கள். அதில் இந்தத் தொல்லை குறைவு.

இன்னொரு சூட்சுமம். திரையைப் பெரிதாக்கப் பணம் கொடுக்கும் முன், எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்பிளே என்ற இடத்தில் 'ஸ்கேல்' என்று இருக்கும். 100 என்பதை 125 அல்லது 150 ஆக்கினால் எல்லாமே பெரிதாகிவிடும். காசு செலவில்லாத வைத்தியம்!

கண்ணும் கழுத்தும் காதும்

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில்தான் நடந்தது. 1819-ல் ஆரம்பித்த ஆஸ்பத்திரி அது. அப்போது எங்கள் ராயப்பேட்டை வீட்டில்தான் தங்கியிருந்தாள். கண்ணாடி எழுதிக் கொடுக்கும்போது ஒரு விஷயத்தைக் கவனித்தேன். புஸ்தகம் படிக்கும் தூரம் வேறு, லாப்டாப் பார்க்கும் தூரம் வேறு. புஸ்தகத்தைச் சுமார் ஒன்றேகால் அடியில் வைத்துக்கொள்கிறோம்; லாப்டாப் திரை ஒன்றரையில் இருந்து இரண்டடி தள்ளி இருக்கும். மேலே எட்டப் பார்வை, கீழே கிட்டப் பார்வை என்று இரட்டைக் கண்ணாடி போட்டவர்கள், கீழ் வில்லை வழியாகத் திரையைப் பார்க்க மோவாயைத் தூக்கித் தூக்கிக் கழுத்து வலியை வாங்கிக்கொள்வார்கள். "கம்ப்யூட்டர் பார்க்கணும், அந்தத் தூரத்துக்குக் கண்ணாடி வேணும்" என்று டாக்டரிடம் வாய் விட்டுச் சொல்லுங்கள். லாப்டாப் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்துவிடுவது நல்லது.

இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை தலையை நிமிர்த்தி, இருபது அடி தள்ளி இருக்கும் எதையாவது இருபது விநாடி பார்க்கச் சொல்லுங்கள். வாசல் வேப்பமரம் போதும். திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பதே குறைந்துவிடுகிறது. கண் உலர்ந்து எரிவது அதனால்தான்.

காதையும் மறக்காதீர்கள். வயதானால் சன்னமான ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகின்றன. கடையில் சினிமாப் பாட்டுப் போட்டுக் காட்டுவார்கள். அது நன்றாகத்தான் இருக்கும். "செய்தி வாசிப்பதைப் போடுங்க" என்று சொல்லிக் கேட்டுப் பாருங்கள். பேச்சு தெளிவாக இல்லையென்றால் ஒரு சாதாரண ஹெட்போன் சேர்த்து வாங்குங்கள்.

விரல் நடுக்கம் இருந்தால் லாப்டாப்பில் தடவித் தடவி அம்பை நகர்த்துவது கஷ்டம். சில நூறு ரூபாயில் ஒரு மவுஸ் வாங்கிக் கொடுத்தால் பாதிச் சிரமம் போயிற்று. இரட்டைத் தட்டலின் வேகத்தைக் குறைத்து வைக்கவும் விண்டோஸில் வழி இருக்கிறது. கைரேகை வைத்துத் திறக்கும் வசதிக்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டாம். ஐம்பது வருஷம் பாத்திரம் தேய்த்த அம்மாவின் விரலில் ரேகை எங்கே இருக்கிறது? ரேஷன் கடை மெஷினே பல சமயம் ஏற்றுக்கொள்வதில்லை!

தமிழில் எழுத வேண்டுமா? 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட 'தமிழ் 99' விசைப்பலகை, விண்டோஸிலேயே இருக்கிறது. இடது கையில் உயிரெழுத்து, வலது கையில் மெய். க தட்டி ஆ தட்டினால் கா. எழுத்து ஒட்டிய ஸ்டிக்கரும் கடைகளில் கிடைக்கிறது. ஆங்கில டைப்ரைட்டிங் தெரிந்தவர்களுக்கு இன்னும் சந்தோஷம்: ஏ, எஸ், டி, எஃப் எல்லாம் பழைய இடத்திலேயே இருக்கின்றன. வரி முடிந்ததும் கை தானாகக் கேரேஜைத் தள்ளப் போகிறது என்று அப்பாவே சிரிக்கிறார்.

உள்ளே என்ன இருக்க வேண்டும்?

கடைக்காரர் கடகடவென்று ஒப்பிப்பார். பயப்படாதீர்கள். சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். 'ராம்' என்பது சமையல் மேடை. மேடை பெரிதாக இருந்தால் நான்கு வேலையை ஒரே சமயத்தில் பரப்பிக்கொள்ளலாம். 'ஸ்டோரேஜ்' என்பது சாமான் அலமாரி. எதையும் வைத்துப் பூட்டும் இடம்.

மேடை 8 ஜிபி இருக்க வேண்டும். 4 ஜிபியில் விண்டோஸ் 11 ஓடும்தான்; ஆனால் மாவு கரைக்க இடமில்லாத மேடை மாதிரி எல்லாம் தேங்கும். வயதானவர்கள் பொறுமை இல்லாமல் திரும்பத் திரும்பத் தட்டுவார்கள், அது இன்னும் தேங்கும். அலமாரி 'எஸ்எஸ்டி'யாக இருக்க வேண்டும், 256 ஜிபி போதும். சில மலிவு மாடல்களில் 64 ஜிபி 'ஈஎம்எம்சி' என்று இருக்கும். அதில் விண்டோஸே பெரும் பங்கை அடைத்துக்கொள்ளும். ஆறு மாதத்தில் புதுப்பிக்க இடமில்லை என்று அழும். விலையைப் பார்த்து இதில் ஏமாந்துவிடாதீர்கள்.

பிராசசர் எத்தனை வேகம் என்று அலட்டிக்கொள்ள வேண்டாம். பென்ஷன் விவரமும் வீடியோ பேச்சும் பார்க்க எந்தக் கம்பெனியின் ஆரம்ப மாடலும் போதும். மிச்சமாகும் பணத்தை 8 ஜிபிக்கும் நல்ல திரைக்கும் கொடுங்கள்.

'குரோம்புக்' என்று ஒன்று உண்டு. கூகுளின் குரோம் ஓஎஸ்ஸில் ஓடுவது. சீக்கிரம் திறக்கும், வைரஸ் தொந்தரவு மிகக் குறைவு, விலையும் சற்றுக் குறைவு. 2023 அக்டோபரில் இருந்து ஹெச்பி கம்பெனியின் குரோம்புக்குகள் நம் சென்னைக்குப் பக்கத்திலேயே தயாராகின்றன. நெட் கனெக்ஷன் நன்றாக இருக்கும் வீட்டுக்கு இது நல்ல பொருள். விண்டோஸுக்கென்று செய்த புரோகிராம்கள் மட்டும் இதில் ஓடாது. பழைய பிரிண்டர் வேலை செய்யாமலும் போகலாம். ஒவ்வொரு மாடலுக்கும் எந்த வருஷம் வரை புதுப்பித்தல் கிடைக்கும் என்ற தேதி உண்டு. மருந்துப் பட்டையில் தேதி பார்க்கிற மாதிரி அதைக் கேட்டு வாங்குங்கள்.

புதிதா, பழையதா?

இதை எழுதும் சமயத்தில் நான் விசாரித்த வரை, மேலே சொன்ன மாதிரிப் புது லாப்டாப் 30,000 முதல் 40,000 ரூபாய்க்குள் பார்க்கலாம். 2025 கடைசியில் இருந்து உலகம் முழுக்க மெமரி சிப் விலை ஏறிக்கொண்டிருப்பதால், தங்கம் மாதிரி இன்றைய விலை நாளைக்கு இல்லை. இரண்டு மூன்று கடைகளில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

எங்கள் ராயப்பேட்டை மணிக்கூண்டில் இருந்து ஆட்டோவில் கொஞ்ச நேரத்தில் மவுண்ட் ரோடு ரிச்சி தெருவுக்குப் போய்விடலாம். எலெக்ட்ரானிக் சாமான்களுக்குப் பேர்போன தெரு. ஆபீஸ்களில் உபயோகித்துக் கழித்த லாப்டாப்களைச் சுத்தம் செய்து 15,000 முதல் 25,000-க்குள் கொடுக்கிறார்கள். ஆபீஸ் மாடல்களில் கீபோர்டு உறுதியாக இருக்கும். வாங்கலாம், ஆனால் நான்கு கேள்வி கேட்காமல் பர்சைத் திறக்காதீர்கள்.

ஒன்று, இதில் விண்டோஸ் 11 முறைப்படி ஓடுமா? விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பித்தல் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. இன்டெல் பிராசசர் என்றால் 8-வது தலைமுறை அல்லது அதற்குப் பிறகு வந்ததாக இருக்க வேண்டும். இரண்டு, பேட்டரி ரிப்போர்ட்டைத் திரையில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். புதிதில் இருந்த கொள்ளளவு, இப்போது நிற்கும் கொள்ளளவு என்று இரண்டு எண் வரும். பாதிக்குப் பாதி இறங்கியிருந்தால் புது பேட்டரி விலையைக் கழித்துக் கேளுங்கள். மூன்று, ஜிஎஸ்டி பில்லும் எழுத்தில் வாரண்டியும் உண்டா? நான்கு, விண்டோஸ் அசல்தானா?

2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லாப்டாப் திட்டத்தில் பிள்ளைகள் வாங்கியது பல வீட்டுப் பரணில் இருக்கிறது. "அதைத் தூசி தட்டிக் கொடுத்தால் என்ன?" என்று கேட்பீர்கள். ஆரம்ப வருஷத்து மாடல்களில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. தெரிந்தவர்களைக் கொண்டு லினக்ஸ் போட்டுக்கொண்டால் பாட்டுக் கேட்கவும் டைப் அடித்துப் பழகவும் ஆகும். பாங்க் கணக்கை அதில் திறக்க வேண்டாம் என்பேன்.

வெளிநாட்டில் இருந்து தம்பியோ மகளோ அனுப்பினால், சார்ஜரில் 'இன்புட் 100–240 வோல்ட்' என்று இருக்கிறதா பாருங்கள்; பிளக் மட்டும் மாற்றினால் போதும். வாரண்டி இங்கே செல்லுமா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

எதை வாங்கினாலும் சர்வீஸ் சென்டர் அப்பா அம்மா இருக்கும் ஊரில் வேண்டும், நாம் இருக்கும் ஊரில் அல்ல. சென்னையில் நூறு சென்டர் இருந்து மயிலாடுதுறைக்கு என்ன பிரயோஜனம்?

வீட்டுக்கு வந்த பிறகு

கட்டிலில் மெத்தை மேல் வைத்தால் காற்றுப் போகும் துளை அடைபட்டுச் சூடேறும். ஜன்னலுக்கு எதிரில் வைத்தால் கண் கூசும். சுவர் ஓரமாக ஒரு மேஜை, பக்கத்திலேயே பிளக் பாயின்ட். ஒயர் நடைபாதையில் குறுக்கே ஓடக் கூடாது. இந்த வயதில் தடுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். லாப்டாப் விலையைவிட அது பெரிய செலவு, பெரிய துக்கம்.

அன்றாடம் உபயோகிக்கும் கணக்கை 'ஸ்டாண்டர்டு' கணக்காக வைத்து, புது புரோகிராம் ஏற்றும் அதிகாரத்தைத் தனிக் கணக்கில் வையுங்கள். இதனால் தெரியாமல் தட்டினாலும் கண்டதெல்லாம் உள்ளே நுழையாது. பிரவுசிங் சென்டரில் கொடுத்திருந்த பாஸ்வேர்டுகளை முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

திடீரென்று திரை முழுக்கச் சிவப்பாகி, சைரன் ஊதி, "வைரஸ் வந்துவிட்டது, இந்த நம்பருக்குப் போன் செய்" என்று வரும். போன் செய்யக் கூடாது. பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் அணைந்துவிடும். இதை ஒரு தடவை அவர்கள் கையாலேயே செய்து பழகச் சொல்லுங்கள். போலீஸ், சிபிஐ என்று வீடியோவில் வந்து 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டினாலும் நடுங்க வேண்டாம். அப்படி ஒரு கைது நம் சட்டத்திலேயே கிடையாது. 2024 அக்டோபர் 27-ல் பிரதமரே வானொலியில் சொன்னார். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும். இந்த நான்கு இலக்கத்தையும் பெரிதாக எழுதி மேஜைக்கு மேலே ஒட்டுங்கள்.

கற்றுக் கொடுப்பதற்கும் ஒரு முறை உண்டு. "இங்கே கொடு, நான் செய்கிறேன்" என்று பிடுங்கக் கூடாது. உங்கள் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். ஒரு நாளைக்கு ஒரே காரியம். அதை அவர்களே தங்கள் கையெழுத்தில், தங்கள் வார்த்தையில் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். என் அம்மாவின் நோட்டில், "வட்டமா இருக்குற பொத்தானை அமுக்கு, பேரன் வருவான்" என்று இருக்கிறது. எந்தக் கம்பெனிப் புஸ்தகமும் இத்தனை தெளிவாகச் சொல்லாது!

இப்போது அப்பா மாதா மாதம் பென்ஷன் விவரத்தைத் தானே பார்க்கிறார். பாஸ்வேர்டு என்னவென்று நான் கேட்டாலும் சொல்வதில்லை. அப்படித்தானே இருக்க வேண்டும்?

அடுத்த இதழில், வீட்டில் பெரியவர்கள் சாப்பிடும் மாத்திரைகளைக் குழப்பமில்லாமல் அடுக்கி வைப்பது பற்றிச் சொல்கிறேன்.